பயமும் ஆதரவும்: மாறும் வானிலையும் வரவிருக்கும் மழைக்காலமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இந்த வாரம் முழுக்க நாம் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபஜ்ர் முடித்து வெளியே வந்தால் புழுக்கம். ளுஹருக்கு வரும்போது பள்ளி முற்றத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பார்த்தால் மேற்கே கருமேகம் திரண்டு நிற்கிறது. மஃக்ரிபுக்குள் இடி, மின்னல். நம் தெருவில் கொட்டித் தீர்க்கிறது. ரயிலடிப் பக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை. மறுநாள் மேகம் வந்து பயமுறுத்திவிட்டுப் பெய்யாமலே கலைந்துபோகிறது.

இதைப் பார்த்து நம் வாயில் என்ன வருகிறது? "சனியன் பிடித்த வெயில்" என்கிறோம். மழை வந்தால் "பாழாய்ப்போன மழை, கடைக்கு ஆளே வரவில்லை" என்கிறோம். காற்றைத் திட்டாதீர்கள், அது அல்லாஹ்வின் கட்டளைப்படி வீசுகிறது. அதன் நன்மையைக் கேளுங்கள், அதன் தீமையிலிருந்து பாதுகாப்புத் தேடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள் (திர்மிதி). காலத்தைத் திட்டுவது, அதை மாற்றி மாற்றிக் கொண்டுவரும் இறைவனையே நோவினை செய்வதாகும் என்றும் ஹதீஸ் குத்ஸீயில் வருகிறது (புகாரி, முஸ்லிம்).

ஆகவே இன்று இந்த வானிலையைக் குறைசொல்லப் போவதில்லை. அது நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

காற்று திசை மாறும் காலம்

அல்பகரா அத்தியாயத்தில் (2:164) சிந்திக்கும் மக்களுக்கான அத்தாட்சிகளை அல்லாஹ் வரிசைப்படுத்துகிறான். வானம் பூமியின் படைப்பு, இரவும் பகலும் மாறிவருவது, கடலில் செல்லும் கப்பல், வானிலிருந்து இறங்கும் நீர் என்ற அந்த வரிசையில் காற்றுகளைத் திருப்பிவிடுவதையும் சேர்த்துச் சொல்கிறான்.

சகோதரர்களே, அந்த அத்தாட்சி நம் கண் முன்னால் நடக்கும் மாதம் இதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அந்த மழையின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் விழுந்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்குக் காய்ந்த மேல்காற்றுதான் மிச்சம். பகலெல்லாம் நிலம் கொதிக்கிறது. மதியத்துக்கு மேல் வங்கக் கடலிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே வருகிறது. மேல்காற்றும் கடற்காற்றும் முட்டும் இடத்தில் மேகம் உயர்ந்து எழுந்து இடிமழையாகக் கொட்டுகிறது. அந்த இடம் நாளுக்கு நாள் மாறும். ஒரு தெரு நனைந்து மறு தெரு காய்வது அதனால்தான்.

செப்டம்பர் நடுவில் ராஜஸ்தான் பக்கமிருந்து தென்மேற்குப் பருவமழை விலகத் தொடங்கும். அக்டோபரில் காற்று முழுவதுமாகத் திரும்பி வாடைக்காற்றாக வீசும். வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை நம்மிடம் தொடங்கும். தமிழகத்தின் ஓராண்டு மழையில் ஏறத்தாழ பாதி, சுமார் 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்றே மாதங்களில் கிடைக்கிறது. நம் கிணறு, ஏரி, நெல், குடிநீர் எல்லாம் இதை நம்பித்தான்.

இந்தக் காற்றின் திருப்பத்தை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பருவமழைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'மான்சூன்' என்பதே, பருவம் என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அரபு வணிகர்கள் தென்மேற்குக் காற்றில் பாய் விரித்து இந்தியக் கரைக்கு வந்தார்கள். வாடைக்காற்றில் திரும்பிப் போனார்கள். நம் கடற்கரை ஊர்களுக்கும் அரபு நாடுகளுக்கும் உறவு ஏற்படக் காரணமாக இருந்தது அல்லாஹ் திருப்பிவிட்ட இந்தக் காற்று. காற்று மாறும் நாளை அறியாத மாலுமி நடுக்கடலில் நிற்பான். அறிந்தவன் அதற்கு முன்பே கப்பலைப் பழுதுபார்த்து முடித்திருப்பான்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள்

மின்னலை அல்லாஹ் உங்களுக்குக் காட்டுவது பயத்துக்காகவும் ஆதரவுக்காகவும் என்று குர்ஆன் சொல்கிறது (13:12, 30:24). ஒரே மின்னலில் பயமும் இருக்கிறது, எதிர்பார்ப்பும் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ஜும்ஆவில் மிம்பரில் நின்று குத்பா ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உள்ளே வந்து, யா ரஸூலல்லாஹ், கால்நடைகள் அழிந்துவிட்டன, பாதைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன, மழைக்காக துஆ செய்யுங்கள் என்றார். வானத்தில் மேகத்தின் அடையாளமே இல்லை. நபியவர்கள் கையை உயர்த்தி துஆ கேட்டார்கள். ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போல ஒரு சிறு மேகம் எழுந்தது, பரவியது, பெய்தது. ஒரு வாரம் சூரியனையே பார்க்கவில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அடுத்த ஜும்ஆவில் மறுபடியும் ஒருவர் வந்தார். செல்வங்கள் அழிந்துவிட்டன, பாதைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன, மழையை நிறுத்த துஆ செய்யுங்கள் என்றார். எங்கள் மீது வேண்டாம், எங்களைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியச் செய் என்று நபியவர்கள் கேட்டார்கள். மழை விலகியது (புகாரி, முஸ்லிம்).

கவனித்தீர்களா? முதல் வெள்ளிக்கிழமை வறட்சிக்குச் சொன்ன அதே முறையீடுதான் இரண்டாவது வெள்ளிக்கிழமை வெள்ளத்துக்கும். இடையில் ஏழே நாட்கள்.

நாம் இதை வாழ்ந்து பார்த்தவர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்றின் இரு கரையும் மூழ்கியது. மக்கள் மாடியில் நின்று மழையை நிறுத்து யா அல்லாஹ் என்று கதறினார்கள். அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதே ஊர், அதே மக்கள். மழையை நிறுத்து என்று உயர்ந்த கைகள் மழையைத் தா என்று உயர்ந்தன.

2023 டிசம்பர் 17, 18-ஐ எப்படி மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அங்கே ஓராண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம் ஒரே நாளில். அதைக் கொண்டுவந்தது பெயர் சூட்டப்பட்ட புயல் அல்ல. குமரிக்கடல் பக்கம் நிலவிய ஒரு காற்றுச் சுழற்சிதான்.

ஆகாய மேகத்தைக் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். மழை பெய்த பிறகுதான் அந்தக் கவலை நீங்கும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, மேகத்தைப் பார்த்து நமக்கு மழை தருவது என்று மகிழ்ந்த ஆது கூட்டத்தாரை நினைவுபடுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம், பார்க்க 46:24). அதே நபி, மழை பெய்யும்போது ஆடையைச் சற்று விலக்கி அதை உடலில் ஏற்றார்கள். இது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்ற கருத்தில் காரணமும் சொன்னார்கள் (முஸ்லிம்). மேகத்தில் பயம், மழையில் மகிழ்ச்சி. ஒரு முஃமினின் உள்ளம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

வானிலை அறிக்கையை நம்பலாமா?

சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், மழையின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்று லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் (31:34) வருகிறதே. அப்படியானால் வானிலை அறிக்கை பார்ப்பது ஈமானுக்குப் பங்கமா?"

இல்லை. மறைவானதை முழுமையாக, எந்தச் சாதனமும் இன்றி, உறுதியாக அறிவது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. செயற்கைக்கோளில் மேகத்தைப் பார்த்து, காற்றழுத்தத்தை அளந்து, மழைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்வது மறைவான அறிவு அல்ல. அல்லாஹ் வெளியில் காட்டிய அடையாளங்களைப் படிப்பது அது. நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவரைப் போல. அவர் தவறவும் கூடும்.

தவறுவதையும் பார்க்கிறோம். பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகக் கூடுதலாக இருக்கும், லா நினா ஆண்டுகளில் குறைவாக இருக்கும் என்பது கணிப்பு. 2015 எல் நினோ ஆண்டு. வெள்ளம் வந்தது, கணக்குச் சரி. 2021 லா நினா ஆண்டு. மழை குறைய வேண்டும். ஆனால் இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்து சென்னைத் தெருக்களில் படகு ஓடியது. செப்டம்பர் கடைசியை ஒட்டி வானிலை ஆய்வு மையம் பருவம் முழுவதற்குமான கணிப்பை வெளியிடும். அது இயல்பு என்று சொன்னால், மூன்று மாத மொத்தத்தைச் சொல்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் இயல்பாக இருந்தாலும், அதில் பெரும்பகுதி இரண்டே நாளில் கொட்டிவிடலாம்.

ஹுதைபியாவில் இரவு மழை பெய்து விடிந்தபோது, இன்ன நட்சத்திரத்தால் மழை வந்தது என்று சொல்பவர் நட்சத்திரத்தை நம்பி அல்லாஹ்வை நிராகரித்தவர். அல்லாஹ்வின் அருளால் வந்தது என்பவரே நம்பிக்கை கொண்டவர் என்று எடுத்துச் சொல்லப்பட்டது (புகாரி, முஸ்லிம்). இன்று அந்த இடத்தில் செயலியை வைத்துவிடாதீர்கள். அறிக்கையைப் பாருங்கள், தயாராகுங்கள், இன்ஷா அல்லாஹ் என்று சொல்லுங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே செயல்படு.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் "நாளை இரவு பெரும் புயல், ஏரி உடைந்துவிட்டது" என்று எவரோ பேசிய குரல் பதிவு வரும். செய்தியை உறுதி செய்துகொள்ளுங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (49:6). 2015-இல் எடுத்த வீடியோவை இந்த வருடத்தது என்று அனுப்புவது பொய். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்).

யூசுஃப் நபியின் ஏழு ஆண்டுகள்

முன்கூட்டி அறிந்ததை என்ன செய்வது என்பதற்குக் குர்ஆன் காட்டும் முன்மாதிரி யூசுஃப் (அலை) அவர்கள். எகிப்து மன்னர் கண்ட கனவுக்கு ஏழு ஆண்டு செழிப்பு, ஏழு ஆண்டு பஞ்சம் என்று விளக்கம் சொன்ன அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. அறுவடை செய்ததில் சாப்பிடத் தேவையானது போக மீதியைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்று வழியும் சொன்னார்கள் (12:47-49). அவர்களைவிட தவக்குல் உள்ளவர் யார்? ஆனாலும் களஞ்சியம் நிரம்பியது செழிப்பான ஆண்டுகளில்தான். பஞ்சம் வந்த பிறகு களஞ்சியம் கட்டிப் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

நமக்குக் கிடைத்திருக்கும் இந்த நான்கைந்து வாரங்கள் யூசுஃப் நபியின் முதல் ஏழு ஆண்டுகளைப் போன்றவை. இதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம் தெருவில் நடந்தது

சென்ற மழையில் நம் மஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரையும் குத்திக்காட்டுவதற்காக அல்ல.

ஒரு வீட்டுக் கட்டுமான வேலையில் மிஞ்சிய ஜல்லியும் இடிபாடும் தெருமுனையில், மழைநீர்க் கால்வாயின் மூடிமேல் கொட்டப்பட்டிருந்தது. கொட்டியவர் கெட்டவர் அல்ல. முதல் ஸஃப்பில் நிற்பவர், ஸதக்கா கொடுப்பவர். "அடுத்த வாரம் வண்டி வைத்து அள்ளிவிடலாம்" என்று நினைத்தார். மழை முந்திக்கொண்டது. கால்வாய் அடைத்து, தண்ணீர் தாழ்வான பக்கம் திரும்பியது. அங்கே தனியாகப் பேரனை வளர்க்கும் ஒரு வயதான தாயின் வீடு. நள்ளிரவில் அவர் விழித்தபோது பாய் மிதக்கிறது. ரேஷன் அட்டை, பேரனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஊறிப்போய்விட்டன. அந்தப் பிள்ளை சேர்க்கைக்கு அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன்.

அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் நானும் ஒரு மாதம் ஐந்து வேளையும் இந்தப் பள்ளிக்கு வந்தேன். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று இதே மிம்பரில் நின்று பேசினேன். பாதையில் கிடந்த முள் கிளையை அகற்றியவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸையும் சொன்னேன் (புகாரி, முஸ்லிம்). குவியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

முள்ளை எடுத்தவருக்கு மன்னிப்பு என்றால், குவியலைப் போட்டவருக்கும் பார்த்துக்கொண்டே போனவருக்கும் என்ன பதில்? அந்தத் தாயின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது கத்ர்தான். அதில் நம் கையும் இருந்தது. மழை அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி நம் குற்றத்தை அதன்மேல் போட முடியாது.

ஒட்டகத்தைக் கட்டுவோம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபிமொழி (திர்மிதி) நம் எல்லோருக்கும் தெரியும். இந்த மாதம் நாம் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் இவை:

வீட்டில்: மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஓட்டையுள்ள ஓடு, தகரம், சுவரோரம் தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஆதார், பட்டா, சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது, கவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீரில்: அளவோடு நீரை இறக்கிப் பூமியில் தங்கவைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டு என்றும் அல்லாஹ் சொல்கிறான் (23:18). 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வீட்டுத் தொட்டியை எப்போது கடைசியாகத் தூர் வாரினீர்கள்? அதில் மணலும் சருகும் நிறைந்திருந்தால் அது வெறும் குழி. நம் பள்ளியின் தொட்டியையும் சுத்தம் செய்ய நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன்.

தெருவில்: ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு இளைஞர்கள் பள்ளி வாசலில் கூடுங்கள். கால்வாய் மேல் கிடக்கும் மண், கல், பழைய சோஃபா எல்லாவற்றையும் அகற்றுவோம். மூடியைத் திறந்து உள்ளே இறங்க யாரையும் விடாதீர்கள். விஷவாயு உயிரைப் பறிக்கும். உள் அடைப்பை உள்ளாட்சியிடம் எழுத்தில் கொடுத்து இயந்திரம் கேட்போம்.

மஹல்லாவில்: தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், தாழ்வான வீடுகள் எவை எவை என்று ஒரு பட்டியல் எடுப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பு. அந்தப் பட்டியலில் மதம் பார்க்காதீர்கள். அண்டை வீட்டாருக்கு உபகாரம் செய்யச் சொன்ன வசனம் (4:36) உறவினரான அண்டையாரையும் அந்நியரான அண்டையாரையும் சேர்த்தே சொல்கிறது. 2015-இல் சென்னையில் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன. 2023-இல் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்ற ரயிலின் பயணிகளுக்குப் பக்கத்துக் கிராம மக்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் யாரிடமும் பெயர் கேட்கவில்லை.

அவசரத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. கைப்பேசியில் இன்றே பதிந்துகொள்ளுங்கள். இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பெருமழையில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கில் அறிவிக்கச் செய்தது நபிவழி (புகாரி). அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல.

"என் வீடு மேட்டில் இருக்கிறது, எனக்கென்ன?" என்று யாரும் நினைக்க வேண்டாம். மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்று நூஹ் (அலை) அவர்களின் மகனும்தான் சொன்னான் (11:43).

அன்பிற்குரியவர்களே!

இஸ்திக்ஃபார் செய்யுங்கள், அவன் உங்கள் மீது தொடர்ந்து மழையை அனுப்புவான் என்று நூஹ் (அலை) அவர்கள் தம் சமுதாயத்துக்குச் சொன்னதை அல்லாஹ் எடுத்துக்காட்டுகிறான் (71:10-11). நாவால் இஸ்திக்ஃபார், கையால் கால்வாய் சுத்தம். இரண்டும் சேர்ந்தால்தான் தயாரிப்பு முழுமை.

இன்று மாலையும் மேகம் கூடலாம். கூடினால் திட்டாதீர்கள். பயன் தரும் மழையாக ஆக்கு என்று நபியவர்கள் கேட்டதைப் போலக் கேளுங்கள். பிறகு மாடிக்குப் போய்க் குழாயில் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

யா அல்லாஹ்! வரவிருக்கும் பருவத்தை எங்களுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக! வறட்சியைக் கொண்டும் வெள்ளத்தைக் கொண்டும் எங்களைச் சோதிக்காதிருப்பாயாக! எங்கள் ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்புவாயாக! எங்கள் கவனக்குறைவால் எந்த ஏழையின் வீட்டிலும் தண்ணீர் புகாமல் பாதுகாப்பாயாக! கடலுக்குப் போகும் சகோதரர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.